கொட்டிக்கிழங்கும் குடிமராமத்தும்



இது ஒரு கிழங்கில் தொடங்கி, ஒரு சட்டத்தில் போய் முட்டி, மறுபடியும் கிழங்குக்கே திரும்பி வருகிற கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன பங்குனியில் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம் போட்டோம். மூன்று வேலைகள் திட்டமிட்டிருந்தோம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சுமார் 300 மீட்டர் தூரத்துக்கு மண் எடுப்பது, சீமைக்கருவேலக் கன்றுகளைப் பிடுங்குவது, 100 மரக்கன்றுகள் நடுவது. வட மாவட்டங்களில் ஏரி என்பதைத்தான் இந்தப் பக்கம் கண்மாய் என்கிறார்கள். நிறைவு விழாவில் "நம் முன்னோரின் நீர் மேலாண்மை" என்ற தலைப்பில் பேசுகிற பொறுப்பு எனக்கு. வரலாறு படிக்கிற பையன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை மரக்கன்று நட இடம் தேடினோம். கண்மாய் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. உள்வாயில் ஓரமாக ஈரம் காயாத ஒரு பகுதி இருந்தது. கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டு அங்கேயே குழி தோண்ட ஆரம்பித்தோம். எங்களுக்குச் சமையல் செய்ய வந்திருந்த வயதான பெண்மணி அப்போது கரையில் வந்துகொண்டிருந்தார். ஊர்ப் பிள்ளைகள் அவரை அப்பத்தா என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்பத்தா என்றே கூப்பிட்டோம். அவர் கரையில் நின்றே சத்தம் போட்டார்.

"ஏப்பா, அங்கன ஏன் குழி தோண்டுறீக? அது கொட்டி கெடக்குற எடம்ல!"

"என்ன கொட்டிக் கிடக்கு அப்பத்தா?" என்றான் நண்பன். ஏதோ குப்பையைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான்.

அப்பத்தா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். நாங்கள் தோண்டிப் போட்ட சேற்றில் கையை விட்டுத் துழாவி, கறுப்பாக உருண்டையாக நாலைந்து கிழங்குகளை எடுத்துக் காட்டினார். கொட்டிக்கிழங்கு. கண்மாயில் தண்ணீர் இருக்கும்போது இலை மேலே மிதக்கும். தண்ணீர் வற்றினால் கிழங்கு சேற்றுக்குள் கிடக்கும். அன்று சாயங்காலம் ஒரு சட்டி நிறைய அவித்துக் கொண்டுவந்தார். தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி இருந்தது. உப்பு போட்டுத் தின்றோம். நன்றாகவே இருந்தது.

மரக்கன்றுகளைக் கரைக்கு மாற்றினோம். நியாயமாக அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வந்த நாங்கள், அந்த ஊர்க்காரர்களின் சாப்பாட்டின் மேலேயே குழி தோண்டியிருக்கிறோம் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

அப்பத்தா கேட்ட கேள்வி

அன்று இரவு என் பேச்சை நண்பர்கள் முன்னால் வாசித்துப் பார்த்தேன். "அந்தக் காலத்தில் ஊர் மக்கள் அனைவரும் ஒன்றுகூடி, சாதி பேதமின்றி, தங்கள் ஏரியைத் தாங்களே தூர்வாரினர். அதன் பெயர் குடிமராமத்து" என்று ஆரம்பம். பள்ளிக்கூடத்திலிருந்து நாம் எல்லோரும் எழுதி வருகிற வாக்கியம்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாரும்னு சொல்றியே தம்பி. தலைக்கட்டுக்கு ஒரு ஆளுன்னு எங்க அய்யாவும் மண்ணு வெட்டப் போனாருதான். வெட்டுன மண்ணு இவரு வெட்டுனது. தண்ணி பாஞ்ச வயலு யாருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "எங்களுக்கு வயலு கெடையாது. கண்மாய் வத்துனா கெழங்கு, நத்தை, மீனு. அதுதான் எங்க வயலு."

ஊருக்குத் திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து குடிமராமத்தின் வரலாற்றை முதலிலிருந்து படித்தேன். அப்பத்தா கேட்ட அதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். யார் வெட்டினார்கள்? யார் சாப்பிட்டார்கள்?

உத்திரமேரூரில் இருந்து தொடங்குவோம்

ஏரியைப் பற்றிப் பேசினால் உத்திரமேரூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஏரிக்கென்று தனியாக ஒரு குழு, அதுவும் ஆண்டுதோறும் மாறுகிற குழு இருந்தது என்பது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் அந்தக் குழுவில் யார் இருக்கலாம் என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலம் அதிகம் இல்லாவிட்டாலும் கல்வி மிகுந்தவருக்குச் சலுகை உண்டு. அது ஒரு பிராமண ஊரின் சபை. நிலமில்லாதவர், பெண்கள், மண் சுமந்த கூலியாட்கள் ஆகியோர் பெயரெழுதிய ஓலை எதுவும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை.

கல்வெட்டுகளில் "ஏரிப்பட்டி" என்ற சொல் வரும். ஏரியைப் பராமரிப்பதற்காகவே ஒதுக்கப்பட்ட நிலம் அது. அந்த நிலத்தின் வருமானத்தில்தான் கரையை உயர்த்துவதும் தூர்வாருவதும் நடந்தன. ஆக ஏரி பராமரிப்பு என்பது வெறும் நல்லெண்ணத்தால் நடந்த வேலை அல்ல. அதற்கென்று நிலம், நெல், கணக்கு எல்லாம் இருந்தன. அறுப்பில்லாத சேவை என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் உறுதியான ஒரு ஏற்பாடு இருந்தது.

களத்துமேட்டில் பிரித்த நெல்

அடுத்து 18-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி நவாபிடமிருந்து பெற்றுக்கொண்டது. பெற்ற ஊர்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளும் கிடைக்கின்றன. காந்தியவாதியான வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கணக்குகளில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே, வரிக்கும் உழவனுக்கும் பிரிப்பதற்கு முன்னால், பொதுக் காரியங்களுக்கான பங்கு தனியாகப் போய்விடும். கோயில், கணக்கர், காவல்காரர், தச்சர், கொல்லர், குயவர் என்று வரிசையாகப் பங்கு உண்டு. அந்த வரிசையில் ஏரியும் இருந்தது. மடையைத் திறந்து மூடி வயலுக்கு முறைப்படி நீர் பாய்ச்சுகிறவருக்கும் அளவு உண்டு. எங்கள் முகாம் நடந்த ஊரிலும் நீர்ப்பாய்ச்சிக்கு ஒவ்வொரு வயல்காரரும் நெல் கொடுத்த வழக்கத்தைப் பெரியவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாப்பிடுகிற சோற்றிலிருந்து ஒரு பிடி ஏரிக்குப் போகிறது. ஏரி அதைத் திரும்பச் சோறாகக் கொடுக்கிறது. கோடையில் ஏரியில் எடுக்கிற வண்டல்மண் வயலுக்கு உரமாகிறது. நீர் பாய்ச்சுகிற ஆளுக்குக் கூலி நெல்லாகவே கிடைக்கிறது. உணவும் நீரும் சேவையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தன. இதைத்தான் நம் முன்னோரின் உண்மையான புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பங்கு சமமாக இல்லை. மேலே இருந்தவருக்கு அதிகம், கீழே இருந்தவருக்குக் குறைவு. வயலில் இறங்கி வேலை செய்த பண்ணையாட்களுக்கு நிலத்தின் மேல் உரிமை கிடையாது. இதை ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். 1891-ல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், அங்குள்ள தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் கையில் இருந்ததை அது எடுத்துச் சொன்னது. அதைத் தொடர்ந்தே 1892-ல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுவது அதைத்தான். தரம்பால் காட்டுகிற செங்கல்பட்டும் டிரெமென்கீர் காட்டுகிற செங்கல்பட்டும் ஒரே மண்தான். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மேடையில் பேசக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

1858-ஆம் ஆண்டுச் சட்டம்

"குடி" நம் சொல். "மராமத்து" அரபியிலிருந்து வந்து வருவாய்த்துறை மொழியில் கலந்த சொல். பழுது பார்த்தல் என்று அர்த்தம். ஆக வழக்கம் பழையது என்றாலும், நாம் சொல்கிற பெயர் அவ்வளவு பழையது அல்ல.

கம்பெனி ஆட்சியில் நில வரியைப் பணமாக வாங்க ஆரம்பித்தார்கள். ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு உழவனும் தனித்தனியாக அரசுக்கு வரி கட்டினான். சிவகங்கை போன்ற இடங்களில் ஜமீன் வந்தது. களத்துமேட்டில் ஏரிக்கு என்று தனியாகப் போன நெல் மெல்ல நின்றது. ஏரி மானியங்கள் கைமாறின. 1850-களில் பேர்டு ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களைப் பற்றி எழுதும்போது, 43,000 ஏரிகள் பயன்பாட்டிலும் 10,000 ஏரிகள் பழுதடைந்தும் இருப்பதாக மதிப்பிட்டார். பத்தாயிரம் ஏரிகள்! பணம் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, மக்கள் பழையபடி வேலைக்கு வரவில்லையே என்று அரசு கவலைப்பட்டது.

அதற்கு அரசு கண்ட வழிதான் 1858-ன் முதலாம் சட்டம். அதன் பெயரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். குடிமராமத்துச் சட்டம் என்றும் சொல்வார்கள். வழக்கப்படி செய்ய வேண்டிய ஏரி வேலைக்கு ஒருவர் வராவிட்டால், அந்த வேலையின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு அவரிடம் வசூலிக்கலாம். கரை உடையப் போகிற ஆபத்து நேரத்தில் பக்கத்து ஊர்களில் உள்ள உடல் வலுவுள்ள ஆண்களைக் கூப்பிடலாம். எல்லா ஆண்களையும் அல்ல, "உழைக்கும் வகுப்பைச்" சேர்ந்தவர்களை! நிலம் வைத்திருப்பவர் கூடை தூக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்பத்தாவின் கேள்விக்கு எனக்கு இங்கேதான் எழுத்தில் பதில் கிடைத்தது.

நாம் இதுவரை குடிமராமத்தை இரண்டு விதமாகச் சொல்லி வருகிறோம். ஒரு கட்சி, "மக்கள் மனமுவந்து செய்தார்கள்" என்று சொல்கிறது. இன்னொரு கட்சி, "அது வெறும் வெட்டிவேலை" என்று சொல்கிறது. இரண்டுமே பாதி உண்மை. பங்கு கிடைத்த காலத்தில், பங்கு கிடைத்தவர்களுக்கு அது தங்கள் சொந்த வேலை. பங்கு இல்லாதவர்களுக்கு அது எப்போதுமே அடுத்தவர் வேலை. பங்கை எடுத்துவிட்டு வேலையை மட்டும் கேட்டபோது எல்லோருக்குமே அது கட்டாய உழைப்பாகிவிட்டது.

ஒரு ராத்தல் தானியம்

சட்டம் வந்து 20 வருடம்கூட ஆகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது. மழை பொய்த்ததுதான் தொடக்கம் என்றாலும், வெளியூருக்குப் போன தானியமும் ஏறிய விலையும் சேர்ந்து அதைப் பெரும் பஞ்சமாக்கின. பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பஞ்ச நிவாரணம் என்று மக்களைக் குளம் வெட்டவும் சாலை போடவும் கூப்பிட்டார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இப்படித்தான் வெட்டப்பட்டது. செலவைக் குறைப்பதற்காக ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1877-ல் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். வேலை நிறுத்தம், எதிர்ப்பு எல்லாம் நடந்த பிறகே அது உயர்த்தப்பட்டது.

ஒரு காலத்தில் களத்துமேட்டில் ஏரிக்கு நெல் அளந்தார்கள். இப்போது குளம் வெட்டுகிறவனுக்கு, அவன் சாகாமல் இருக்க எவ்வளவு போதும் என்று அளந்தார்கள். உணவுக்கும் ஊர் வேலைக்கும் இருந்த உறவு எவ்வளவு தூரம் கெட்டுப்போனது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நாங்கள் முகாமில் பிடுங்கிய சீமைக்கருவேலமும் ஏறத்தாழ அந்தச் சமயத்தில் வந்ததுதான். 1870-களில் கடப்பா பக்கம் விறகுக்காகவும் வறண்ட நிலத்துக்காகவும் கொண்டுவந்தார்கள். இன்று கண்மாய், வரத்துக்கால் எங்கும் அதுதான். நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கையில் முள் குத்தக் குத்தப் பிடுங்கிப் போட்டோம். மறுநாள் காலை அப்பத்தா எங்களுக்குச் சமைத்த அடுப்பைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது சீமைக்கருவேல விறகு! கண்மாய்க்குக் கெடுதல் என்பதும் உண்மை, அடுப்புக்கு ஆதாரம் என்பதும் உண்மை. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. மரத்தைப் பிடுங்கு என்று சொல்வது சுலபம். அடுப்புக்கு என்ன என்று அடுத்த கேள்வியும் கேட்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின்

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள பெரிய ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் மொத்தம் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள். அப்புறம் கிணற்றில் மோட்டார் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. ஆழ்துளைக் கிணறு போட வசதி உள்ளவருக்கு ஏரியின் தயவு தேவைப்படவில்லை. தேவை இல்லாதவர் வரத்துக்காலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? 1960-களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த ஏரிப் பாசனப் பரப்பு பின்னாளில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

சாப்பாடும் மாறியது. 1966-ல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. அதற்கு உரமும் வேண்டும், நிச்சயமான தண்ணீரும் வேண்டும். பழைய நெல் ரகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மானாவாரியில் விளைந்த குதிரைவாலியும் வரகும் தட்டிலிருந்து போயின. நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் பழைய ரகங்களை மீட்கப் பாடுபட்டதை நாம் அறிவோம். ஜெயராமன் 2018-ல் மறைவதற்குள் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார் என்பது சாதாரண சாதனை அல்ல.

இதையெல்லாம் முகாமில் ஒரு மதிய நேரம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்களுக்குக் குதிரைவாலிச் சோறு. "ரேஷன் அரிசி வந்து நம்ம சாப்பாட்டையே கெடுத்துடுச்சு அப்பத்தா" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கெடுக்கல தம்பி. ரேஷன் அரிசி வந்தப்பறந்தான் நாங்க யாரு வீட்டு வாசல்லயும் போயி நெல்லுக்கு நிக்கல."

மறுபடியும் எனக்குப் பதில் இல்லை. (முகாம் முழுக்க இதே கதைதான் :)) குதிரைவாலி நகரத்துக் கடையில் இன்றைக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அதைத் தின்று வளர்ந்தவர்களில் பலர் அதை இன்று வாங்க முடியாது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது நல்லதுதான். ஆனால் உள்ளூர் உணவைப் பற்றிப் பேசும்போது, அந்த உணவு யாருக்குப் பசியாகவும் யாருக்கு ருசியாகவும் இருந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்பத்தா இழந்தது வேறு. ஒருகாலத்தில் கண்மாய் வற்றினால் ஒரு நாள் குறித்து, ஊரே இறங்கி ஊத்தாவும் வலையும் வைத்து மீன் பிடிக்கும். விராலும் கெளுத்தியும் கெண்டையும் எல்லா வீட்டிலும் குழம்பாகும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் சில ஊர்களில் இன்னும் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஆனால் பல ஊர்களில் மீன்பாசி குத்தகை ஏலத்துக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர் குஞ்சு விட்டு, காவல் போட்டு, பிடித்து விற்கிறார். உள்ளூர் மீன்களோடு போட்டி போட 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீனும் சேர்ந்துகொண்டது. மழையும் மண்ணும் கெட்டதால் மட்டும் உணவு போய்விடுவதில்லை. சட்டமும் ஏலமும் மாறினாலும் போய்விடும்.

நாங்கள் எங்கே வருகிறோம்?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் குறிக்கோள். 2005-ல் சட்டமாகி 2006-ல் தொடங்கிய 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெண்களே ஏரிகளிலும் வரத்துக்கால்களிலும் மண் வெட்டினார்கள். அப்பத்தாவும் வெட்டியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் கண்மாய்க்காகக் கையில் பணம் வாங்கியது அப்போதுதான்.

2000-ல் தமிழ்நாட்டில் பாசன முறைகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் வந்தது. அதில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் இடம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தபோதும் பாசன விவசாயிகளை வைத்தே வேலை நடந்தது. நல்ல திட்டங்கள்தான், பல கண்மாய்களில் தண்ணீர் நின்றது. ஆனால் உத்திரமேரூரின் கால் வேலி நிலம் 1,000 வருடம் கழித்தும் வாசலில் நின்றுகொண்டிருக்கிறதே! கிழங்கு எடுப்பவர், மீன் பிடிப்பவர், கீரை பறிப்பவர், ஆடு மாடு மேய்ப்பவர் எல்லோருக்கும் கண்மாய் வேண்டும். கண்மாயைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் அவர்கள் குரல் எங்கே?

நிறைவு விழாவில் நான் எழுதி வைத்திருந்த பேச்சைப் பேசவில்லை. நாங்கள் தவறான இடத்தில் குழி தோண்டியதையும் அப்பத்தா தடுத்ததையும் சொன்னேன். "அந்தக் காலத்தில் எல்லோரும் வெட்டினார்கள், எல்லோரும் சாப்பிடவில்லை. இனிமேல் வெட்டுவதானால் எல்லோருக்கும் பங்கு இருக்கட்டும்" என்று சொல்லி முடித்தேன். கைதட்டல் குறைவுதான். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் சமையல் கொட்டகையிலிருந்து மட்டும் பலமாகக் கைதட்டினார்கள்.

தை மாதம் நானும் இரண்டு நண்பர்களும் அந்த ஊருக்கு மறுபடியும் போனோம். நாங்கள் மண் எடுத்த வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்திருந்தது. ஆனால் அதற்கு மேலே ஓரிடத்தில் யாரோ கால்வாயை மறித்து வரப்பு போட்டிருந்தார்கள். அதனால் கண்மாய் பாதிதான் நிறைந்திருந்தது. கரையில் நட்ட 100 கன்றுகளில் 38 உயிரோடு இருந்தன. ஈரம் காயாத அந்தப் பகுதியில் கொட்டி இலைகள் தண்ணீர் மேல் மிதந்தன. "பங்குனிக்கு வாங்க, கெழங்கு எடுக்கலாம்" என்றார் அப்பத்தா. இந்த முறை மண்வெட்டியோடு போவதற்கு முன்னால், அந்த வரப்பைப் பற்றி ஊராட்சியில் மனு கொடுப்பதாக இருக்கிறோம். மனுவில் கையெழுத்துப் போட ஆயக்கட்டுக்காரர்கள் மூன்று பேரும், நிலமே இல்லாத பதினோரு பேரும் சம்மதித்திருக்கிறார்கள்.

நண்பர்களே, நீங்களும் ஏதாவது ஒரு ஊருக்கு முகாம் போவீர்கள். குப்பை பொறுக்குவீர்கள், மரம் நடுவீர்கள். எல்லாம் நல்லதே. அதற்கு முன்னால் ஒரு வேளை அந்த ஊர்க்காரர் வீட்டில் சாப்பிடுங்கள். இது எங்கிருந்து வந்தது, முன்னால் என்ன சாப்பிட்டீர்கள், ஏன் இப்போது இல்லை என்று கேளுங்கள். குழி தோண்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் ஏரி வற்றினால் கிடைக்கிற உணவு என்ன? வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.